அடி படாத கண்ணாடி

கப்பல் புத்தம் புதியது. இன்னும் ஒரு குண்டுகூட அதன்மேல் விழவில்லை. அப்படியிருக்க, முன்கண்ணாடியின் இடது ஓரத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கீறல் இருந்தது.

கேப்டன் கையை நீட்டித் துடைத்தான். கண்ணில் மாட்டிய ஹெட்செட்டுக்குள் தெரிகிற கண்ணாடியை யாராவது கையால் துடைப்பார்களா என்று கேட்காதீர்கள். அந்தக் காக்பிட்டில் உட்கார்ந்த அத்தனை பேரும் ஒரு தடவையாவது அப்படிக் கையை நீட்டியிருக்கிறார்கள். கைப்பிடியில் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரியும். ஒவ்வொரு அடிக்கும் நாற்காலி குலுங்கும், நான்கு பட்டை பெல்ட் தானாக இறுகும். அடி எங்கே விழுந்ததோ அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும், பழுது பார்க்கும்வரை போகவே போகாது. விளையாடுகிறவன் தான் வாங்கிய அடி ஒவ்வொன்றையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டுதான் பறக்க வேண்டும்.

நாளைக் காலை அந்த விண்கப்பல் விளையாட்டைப் பெரிய அரங்கில் காட்டப் போகிறார்கள். படம் வரையும் குழுவுக்கு இவன்தான் தலைவன். 'கேப்டன்' என்பது குழுவினர் வைத்த பெயர். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சோதனை அறை ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் உள்ளே எந்நேரமும் ஒரே இருட்டு. ஏசியின் உறுமலும், சூடான பிளாஸ்டிக் வாசனையும், சுவரில் இருந்த பெரிய திரையின் நீல வெளிச்சமும்தான் துணை. ஹெட்செட்டுக்குள் என்ன தெரிகிறதோ அது அந்தத் திரையிலும் தெரியும்.

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தான்.

"சவுண்டு, இடது பக்கக் கண்ணாடியில நீ ஏதாவது வெச்சியாப்பா?"

"நானா? நான் சத்தம் மட்டும்தான் கேப்டன் வைப்பேன். என்ன ஆச்சு?"

"ஒரு கீறல். சுடவே இல்ல, அதுக்குள்ள வந்துருக்கு."

"அக்கா இருந்தா சண்டைக்கே வந்திருப்பா. அடி விழாம கீறல் வராதுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பா! சரி, நாலு மணிக்கு நான் வரேன். அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துட்டுக் கிளம்புறேன். ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டேங்குறாங்க கேப்டன், இன்னும்."

"பாவம்ப்பா," என்றான் கேப்டன். சொல்லும்போது குரல் பிசகவில்லை. எட்டு மாதப் பழக்கம் அல்லவா.

சவுண்டின் அக்காவுக்கு அலுவலகத்தில் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். எதையும் மூக்கு இடிக்கிற தூரத்தில் வைத்துத்தான் பார்ப்பாள். உடைந்த கண்ணாடி எங்கே கிடந்தாலும் நின்று படம் எடுப்பாள். விளையாட்டுக்குப் படம் வரைகிற தொழிலே அப்படித்தான்: விபத்தைப் பார்த்தால் ஊரார் "ஐயோ" என்பார்கள், இவர்கள் "வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு" என்பார்கள். கப்பலுக்கு அடிபடுகிற முறையை நடத்தும் ப்ரோகிராம் முழுக்க அவள் செய்தது. ஒரு விரிசலின் படத்தைக் கொடுத்தால் போதும். அடி எந்தத் திசையிலிருந்து வந்தது, என்ன வேகம், பட்டது கல்லா இரும்பா என்று பின்னோக்கிக் கண்டுபிடித்து, அதே அடியை விளையாட்டுக்குள் திரும்ப நடத்திக் காட்டும். அதன்மேல் கேப்டன் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். ஏன் என்று அவள் கேட்டாள். காரில் வைத்துத்தான் கேட்டாள்.

விடியாத நேரம், மழை. வெளியூரில் விளையாட்டைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டியது கேப்டன். இடது பக்கம் அவள். கேப்டன் கோபத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு தோட்டக்காரரை அவன் பார்க்கவே இல்லை. அவரை அடித்துவிட்டு, ஓரமாக ஆளில்லாமல் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதியது கார். அவள் தலை கண்ணாடியில் பட்டது.

தோட்டக்காரர் அங்கேயே போய்விட்டார். அவள் போகவில்லை. முனகிக்கொண்டிருந்தாள். சாலையில் ஈ காக்காய் இல்லை. கேப்டன் போனை எடுக்கவில்லை. இறங்கி, தன் பக்கத்துக் கதவு வழியாகவே குனிந்து, அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, கியர் கம்பிக்கு மேலாக இழுத்து, தான் உட்கார்ந்திருந்த சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டினான். அப்போது அவள் கண்ணைத் திறந்து, வழிதவறிய குழந்தை கேட்பதுபோல ஒன்று கேட்டாள்.

"கேப்டன், நான் அந்தப் பக்கம்தானே உட்கார்ந்திருந்தேன்?"

அவ்வளவுதான். அதன் பிறகுதான் போனை எடுத்தான்; ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 'அவள்தான் ஓட்டினாள்' என்று இவன் சொன்னான்; போலீஸும் அதையே எழுதிக்கொண்டது. தோட்டக்காரரின் மனைவி அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, "உங்க பொண்ணு கண்ணை எங்க வெச்சுக்கிட்டு ஓட்டினா?" என்று அழுததிலிருந்து அவளுடைய அம்மா ஜன்னலைத் திறப்பதில்லை. அந்தப் பொய் உடைந்தால் கேப்டனுக்குச் சிறைதான். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்து வந்தான் பாவி.

அவ்வளவு சாமர்த்தியசாலி நேற்று மாலை என்ன செய்தான் தெரியுமா? அரங்கில் காட்ட ஒரு பிரமாதமான விரிசல் வேண்டியிருந்தது. பழைய இரும்புக் கிடங்கில் கிடந்த அந்தக் காரின் முன்கண்ணாடியை ஒருநாள் போனில் படம் எடுத்திருந்தான். ஏன் எடுத்தான்? வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது, அதனால் எடுத்தான். அந்தப் படத்தைத்தான் அவள் செய்த ப்ரோகிராமுக்குள் போட்டான்.

இப்போது அது நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டரில் அடிகளின் பட்டியலைத் திறந்தான்.

அடி: ஒன்று. திசை: உள்ளேயிருந்து. இடம்: இடது இருக்கை. பட்ட பொருள்: நெற்றி.

'நெற்றி' என்ற சொல் அந்தப் பட்டியலில் கிடையவே கிடையாது. கல், இரும்பு, குண்டு, இவ்வளவுதான். கேப்டன் படத்தை அழித்தான். பட்டியலை அழித்தான். போனில் இருந்ததையும் அழித்தான். பட்டியல் வெறுமையாக இருந்தது. ஆனாலும் கண்ணால் பார்க்காமல் நாளைக்கு ஆயிரம் பேர் முன்னால் அதைத் திறக்க முடியுமா? மறுபடியும் போய் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான்.

கீறல் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

கப்பல் கிளம்பியது. எஞ்சினின் அதிர்வு முதுகுத்தண்டில் மெல்ல ஏறியது. கண்ணாடிக்கு அப்பால் கறுப்பு வானம், இவன் குழு ஒரு வருடம் உட்கார்ந்து வரைந்த நட்சத்திரங்கள், தூரத்தில் பச்சையாக ஒரு கிரகம், அதற்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிவப்பு நட்சத்திரங்கள். சிவப்பு நட்சத்திரம் யார் வைத்தார்கள்? ஏசியின் உறுமல் நின்றுவிட்டது போலிருந்தது. அந்த இடத்தில் வேறொரு சத்தம்: சரக், சரக் என்று ரப்பர் ஒன்று கண்ணாடியைத் தேய்க்கும் சத்தம். வைப்பர். விண்வெளியில் எந்தப் பைத்தியக்காரன் வைப்பர் வைப்பான்?

"டேய் சவுண்டு, விளையாடறியா?" என்றான் இருட்டில்.

கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. ஈரத்துணி வாசனை வந்தது, பெட்ரோல் வாசனை, அதற்கடியில் துருப்பிடித்த இரும்பைப் போல ஒரு வாசனை. ஹெட்செட் வாசனை தராது. அது கேப்டனுக்கு நன்றாகத் தெரியும்.

கழற்றிவிடலாம் என்று கையைத் தூக்கினான். பெல்ட் இறுகியது.

எந்த அடியும் விழாமல் இறுகியது. தோளோடு சேர்த்து இரண்டு கைகளையும் கட்டிப்போட்டது. விளையாட்டு ஓடுகிறவரை அந்தப் பூட்டு திறக்காது. சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்தால்தான் தளரும். பயந்துபோய் யாரும் பாதியில் எழுந்துவிடக் கூடாது என்று அப்படி வைத்தது அவள்தான். "நிஜத்துல பாதியில எழுந்துக்க முடியுமா கேப்டன்?" என்று சிரித்தபடி சொன்னாள்.

அவன் இடது பக்கம் திரும்பினான்.

அந்தக் காக்பிட்டில் ஒரே ஒரு இருக்கைதான். இடது பக்கம் வெறும் சுவர். இப்போது அந்தச் சுவர் இல்லை. சாம்பல் நிறத் துணி போட்ட ஒரு சீட் இருந்தது. காலி. துணியில் ஆள் உட்கார்ந்த பள்ளம். மெதுவாக அது மேலே எழும்பியது, யாரோ அதிலிருந்து எழுந்துகொள்கிற மாதிரி.

கழுத்துக்குப் பின்னால் மூச்சு.

ஈரமான மூச்சு.

பிறகு இரண்டு கைகள் அவன் அக்குளுக்குள் நுழைந்தன.

"வேண்டாம்மா," என்றான். "தாயே, வேண்டாம். தெரியாம செஞ்சுட்டேன்."

தெரிந்துதான் செய்தான். அந்தக் கைகளுக்கும் அது தெரியும். அவசரமே படாமல் இழுத்தன. தொடையில் கியர் கம்பி உரசியது. முட்டி இடித்தது. நான்கு பட்டையும் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்க, அவன் இடது பக்கம் போய்க்கொண்டிருந்தான். போய்விட்டான். சாம்பல் துணியின் ஈரம் முதுகில் ஒட்டியது.

கதவு திறக்கும் சத்தம். அந்த அறையின் கதவு, நிஜக் கதவு.

"கேப்டன்? என்ன இருட்டுலயே இருக்கீங்க?"

"சவுண்டு! சுவிட்சை அணைடா! சீக்கிரம்!"

செருப்புச் சத்தம் சுவர்ப்பக்கம் ஓடியது. பாதியில் நின்றது. சுவரில்தான் பெரிய திரையும் இருந்தது; இவன் பார்ப்பதெல்லாம் அதிலும் தெரிந்தது.

வலது பக்கம் யாரோ உட்கார்ந்தார்கள். ஸ்டீயரிங்கில் இரண்டு கைகள். விரல்களில் ஒட்டியிருந்த கண்ணாடித் துகள் ஒவ்வொன்றும் மின்னியது. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் விரிசல் இருந்தது. அது முகம் முழுக்க விரிந்து, ஒவ்வொரு சில்லிலும் கேப்டனின் முகம் தெரிந்தது. அவள் கேட்டாள். அந்தப் பழைய கேள்வியை, அதே குரலில்.

"கேப்டன், நான் அந்தப் பக்கம்தானே உட்கார்ந்திருந்தேன்?"

அறையில் அது நன்றாகவே கேட்டது. ஸ்பீக்கர்களைப் பொருத்தியவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்.

"அது அக்கா குரல்," என்றான் சவுண்டு. அழுகிறானா இல்லையா என்று தெரியவில்லை. "கேப்டன், அக்கா அந்தப் பக்கம்தான் இருந்திருக்கா. அவளை ஏன் நீங்க தூக்கி ஸ்டீயரிங் பக்கம் வெச்சீங்க?"

"அணைச்சுடுடா! கால்ல விழறேன்டா!"

"மூச்சு இருந்துச்சு இல்ல அவளுக்கு? பேசினா இல்ல?"

"சவுண்டு!"

"எங்கம்மா எட்டு மாசமா ஜன்னலைத் திறக்கல."

ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. யாரோ அதில் நிதானமாக உட்கார்ந்தார்கள்.

"அக்காதான் ஓட்டினான்னு நீங்கதானே சொன்னீங்க," என்றான் தம்பி. "ஓட்டட்டும்."

அவள் மிதித்தாள். எஞ்சின் அலறியது. கேப்டன் பெல்ட்டைத் தேடினான். நெஞ்சில் இல்லை. தோளில் இல்லை. இந்த சீட்டில் பெல்ட்டே இல்லை. இரண்டு சிவப்பு நட்சத்திரங்கள் வளர்ந்தன. அகன்றன. லாரியின் பின்விளக்குகள். நடுவே ஈரமான இரும்புத் தகடு.

வைப்பர் கடைசியாக ஒருமுறை துடைத்துவிட்டுப் போனது. அவன் நெற்றிக்கு நேரே முன்கண்ணாடி பளபளவென்று இருந்தது. புத்தம் புதியது. ஒரு கீறல்கூட இல்லை.