நான்காவது துணி

விடுப்பு முடிந்து வந்த முதல் நாள். மதியம் இரண்டு மணிக்குச் சோதனை அறையைத் திறந்தேன். மழை இன்னும் ஏரியைத் தாண்டி வரவில்லை. ஆனாலும் சிமெண்டுத் தரையில் ஈரப் பாதத் தடங்கள் இருந்தன. கட்டிலிலிருந்து சுவரோரப் பெஞ்சு வரை. வெறுங்கால்.

தரை கழுவுபவள் விட்டுப்போனது என்று நினைத்துத் துடைத்தேன். பதினாறு நாள் பூட்டிக் கிடந்த அறை அது என்பது துடைத்து முடித்த பிறகுதான் உறைத்தது.

வாசனையும் இருந்தது. எங்கள் வார்டின் வாசனை. பிரசவத்தில் பிள்ளை மூன்று நாள் சிக்கி, சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்து, இரவும் பகலும் சிறுநீர் கசியும் பெண்கள்தான் அங்கே இருப்பார்கள். ஓட்டையைத் தைத்த பதினான்காம் நாள் என்னிடம் அனுப்புவார்கள். மூன்று காஸ் கட்டுத்துணிகளை எண்ணி, பிறப்புவழியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பேன். சிறுநீர்ப்பைக்குள் நீல மருந்தை ஏற்றுவேன். பத்து நிமிடம் நடக்கச் சொல்வேன். பிறகு துணிகளை எடுத்து, எண்ணி, தட்டில் வரிசையாக வைத்துப் பார்ப்பேன். கசிவு இல்லையென்றால் பதிவேட்டில் 'உலர்ந்தது' என்று எழுதுவேன். உலர்ந்தவள் புதுச் சிட்டென்ஜே துணியை இடுப்பில் சுற்றிக்கொள்வாள். வார்டே பாடிக்கொண்டு அவளை வாசல்வரை கொண்டுபோய் விடும்.

"என்னடி தமாண்டா, லீவுல ஊர் மீனையெல்லாம் நீயே தின்னுட்டியா? கன்னம் ரெண்டும் உப்பிக் கெடக்கு," என்று சிரித்தபடி சிஸ்டர் மஸேகோ அன்று சோதனைக்கு வந்த ஃபைனஸை உள்ளே விட்டுப்போனார்.

ஃபைனஸுக்குப் பத்தொன்பது வயது. கட்டிலில் ஏறும்போதே சொன்னாள்.

"அக்கா, அவரு சைக்கிளோட வாசல்ல நிக்கிறாரு. காஞ்சிட்டேன்னு மட்டும் சொல்லிடுங்க. இல்லேன்னா அவங்கம்மா வேற பொண்ணு பாத்துருவாங்க."

"பாவாடை நனையுதா?"

"கொஞ்சூண்டு," என்றாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல."

துணிகளை எண்ணினேன். மூன்று. மருந்தை ஏற்றினேன். அவள் எழுந்து நடக்கத் தொடங்கினாள்.

அப்போது மழை வந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. மின்சாரம் போயிற்று. ஜன்னல் வெளிச்சத்தில் அறை பழுத்த பாக்கு நிறமாகிவிட்டது. ஃபைனஸின் குளியலறை ஈரம் காயாத செருப்பு சளக் சளக் என்று கட்டிலைச் சுற்றி வந்தது.

அவள் நின்றாள்.

சளக். சளக்.

"அக்கா," என்று கிசுகிசுத்தாள். "என் பின்னால யாரு நடக்கறது?"

"கூரை ஒழுகுது. நட."

"இல்லக்கா. அந்தம்மா இப்பத்தான் பெஞ்சுல உக்காந்தாங்க."

பெஞ்சில் யாரும் இல்லை.

பெஞ்சின் பலகையில் ஒரு வட்டம் கருத்தது. உள்ளங்கை அகலம். பிறகு தட்டு அகலம். விளிம்பைத் தொட்டதும் சொட்டத் தொடங்கியது.

அவசரமாக ஃபைனஸைப் படுக்கவைத்துத் துணிகளை எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எதிலும் நீலம் இல்லை. வாசலில் சைக்கிள் மணி அடித்தது. பேனாவை எடுத்து 'உல' என்று எழுதிவிட்டு, வழக்கப்படி துணிகளை மீண்டும் எண்ணினேன்.

நான்கு.

நான்காவது துணி தட்டின் ஓரத்தில் தனியாகக் கிடந்தது. நீலம் இல்லை. ஆனால் தொப்பலாக நனைந்திருந்தது. அதிலிருந்து ஆவி பறந்தது.

வந்திருப்பது எனிஃபா என்று எனக்குத் தெரிந்தது.

போன கோடையில் இதே கட்டிலில் படுத்திருந்தவள். அவளுடைய மேல் துணியில் நீலம் இல்லை, ஈரம் இருந்தது. தடவிய களிம்பின் ஈரம் என்று எடுத்துக்கொண்டு 'உலர்ந்தது' என்று எழுதினேன். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் ஓட்டை இருந்தால் நீலம் அங்கே எட்டாது, வெறும் ஈரமே வரும் என்பதை இரண்டு மாதம் கழித்து நர்ஸ்களுக்கான மாலை வகுப்பில் படித்தேன். அதற்குள் அவளைப் பாட்டோடு அனுப்பியிருந்தோம். ஒரு வாரத்தில் புருஷன் விரட்டினான். மீனவர்கள் அவளை ஏரியிலிருந்து எடுத்தார்கள்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஃபைனஸின் மூன்றாவது துணியை, உள்ளே மேலாக இருந்ததை, எடுத்துப் பிழிந்தேன். ஒரு துளி விழுந்தது. தெளிந்த துளி.

'உல' என்பதை அடித்தேன்.

"என் குடியக் கெடுக்காதீங்கக்கா," என்று ஃபைனஸ் அழுதாள். மஸேகோவே வாசலுக்குப் போனார். "ஓட்டக் கூரைக்கு அடியில அவசரமா பாய் விரிச்சா என்னய்யா ஆகும்? இன்னும் ஒரு மாசம் பொறு," என்று அவர் சொன்னது மழையிலும் கேட்டது. மறுநாள் நரம்பில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தோம். இடது குழாயிலிருந்து வெள்ளைக் கோடு ஒன்று விலகி ஒழுகுவது தெரிந்தது.

படம் எடுத்த அன்று மாலையே மஸேகோவிடம் எனிஃபாவைப் பற்றிச் சொன்னேன். அவர் பழைய பதிவேட்டை என் முன்னால் வைத்தார். என் தவற்றைத் திருத்திக் கையெழுத்திட்டேன். அதோடு முடியும் என்று நம்பினேன்.

இரண்டாம் அறுவைக்குப் பிறகு ஃபைனஸின் துணிகள் மூன்றும் காய்ந்து வந்தன. நேற்று அவள் புதுச் சிட்டென்ஜே கட்டிக்கொண்டாள். வார்டே பாடிக்கொண்டு அவளை வாசலுக்கு நடத்திச் சென்றது. சைக்கிள் காத்திருந்தது. மழை இல்லை. சிமெண்டுப் பாதை வெயிலில் சுட்டது.

நான் கடைசியாகப் போனேன். அதனால்தான் பார்த்தேன்.

கூட்டத்துக்குப் பின்னால் ஈரத் தடங்கள் ஒரு வரிசையாக வாசல்வரை போயிருந்தன. வெறுங்கால். வாசலைத் தாண்டவில்லை. அங்கேயே சற்று நின்றது போல ஒரு சின்னத் தேக்கம். பிறகு திரும்பியிருந்தன.

பின்தொடர்ந்து போனேன்.

சோதனை அறை பூட்டியிருந்தது. தடங்கள் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தன. திறந்தேன். இந்த முறை அவை பெஞ்சுக்குப் போகவில்லை. என் மேசையருகே, என் நாற்காலியைப் பார்த்தபடி நின்றிருந்தன.

வெயில் அவ்வளவு அடித்தும் அவை காயவில்லை.