தங்கம்மாளின் தேயிலைப் பெட்டி

நாலு மணித் தேநீரில் அன்றைக்கும் ஏதோ பல்லில் நறநறத்தது. ஜெபதாஸ் துப்பவில்லை. செத்துப்போன பெண்டாட்டி போட்டுவைக்கிற தேநீரைத் துப்புகிற புருஷன் ரங்கூன் முழுக்கத் தேடினாலும் கிடைப்பானா என்ன?

ரங்கூனில் பசுந்தாங் பேட்டை, மூன்றாம் மாடி. தொண்ணூற்று நாலாம் வருஷத்து மழை, வானத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டு ஊருக்குப் போய்விட்ட மாதிரி ஒன்றரை மாதமாகக் கொட்டியது. சுவரில் பூத்த பூஞ்சையை அறுவடை செய்தால் தெருவுக்கே சோறு போடலாம். கரண்டாவது எப்போதாவது எட்டிப் பார்க்கும். மனிதர்கள் அதுவும் இல்லை.

சமையலறை மேசைமேல் அந்தப் பெட்டி. கருத்த தேக்கு, உள்ளே ஈயத் தகடு, முன்னால் பித்தளைப் பூட்டு. தேயிலை தங்கத்துக்குச் சமமாக இருந்த காலத்துப் பெட்டி; வெள்ளைக்கார வீட்டு ஏலத்தில் அவருடைய அப்பா எடுத்தது. சாவி யார் முந்தானையில் இருக்கிறதோ அவள்தான் வீட்டை ஆள்பவள். மாமியார் கண்ணை மூடிய பிறகுதான் அது தங்கம்மாள் கைக்கு வந்தது. வந்தபின் அவள் தூங்கும்போதுகூட அவிழ்க்கவில்லை. ஆளுக்கு ஒரு கரண்டி. கவர்னரே வந்தாலும் ஒரு கரண்டிதான்.

கடைசியாகக் குளிப்பாட்டி உடுத்திவிட்ட பெண்களும் பழக்கதோஷத்தில் சாவியை ஊதாப் பட்டின் முந்தானையில் முடிந்துவிட்டார்கள். அது அவளோடு கல்லறைக்குப் போய்விட்டது.

மறுநாள் நாலு மணிக்குத்தான் ஜெபதாஸுக்கு அது உறைத்தது. உறைத்த அதே நிமிஷம், மழை இரைச்சலுக்கு நடுவே, சமையலறையில் பூட்டு 'டிக்' என்றது. ஈயத்தில் கரண்டி உரசியது. போய்ப் பார்த்தால் பூட்டிய பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை, ஆவி பறக்க.

அன்றிலிருந்து நாற்பது நாள். நாற்பது கரண்டி. பேய்க்கு அவர் பயப்படவில்லை. பெட்டி காலியாகிவிடுமே என்றுதான் பயந்தார். தேயிலை தீர்ந்தால் அவள் எதற்கு வருவாள்?

நாற்பத்தொன்றாம் நாள் காலையிலேயே புதுத் தேயிலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு, கீழ்த்தளத்துப் பூட்டுக்காரர் அப்துல் பாரியைக் கூட்டிவந்தார்.

"சாவி எங்கண்ணே?"

"தங்கம்மாகிட்ட."

பாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "பத்திரமான ஆளுகிட்டதான் குடுத்திருக்கீங்க. போய் வாங்கிட்டு வான்னு என்னைச் சொல்லிடாதீங்க."

"திற பாய். தூள் கொட்டணும்."

கம்பி உள்ளே போயிற்று. குடைந்தது. பூட்டு முனகியது. மூடி விலகியதும் எழுந்த வாசனை தேயிலையுடையது அல்ல. ஈரம். வேர். வாடிய மல்லிகை.

மண்.

பாதிப் பெட்டிக்கு ஈர மண். நடுவில் கரண்டி அள்ளிய குழி. குழிக்குள் ஊதாப் பட்டு முடிச்சு. முடிச்சில் சாவி.

பாரி கம்பியையும் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார். மூன்று மாடி. ஒவ்வொரு படியும் கேட்டது.

பிறகு மழை மட்டும்.

ஜெபதாஸ் நாக்கால் பல்லைத் துழாவினார். நறநறப்பு. நேற்றையது.

புதுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தார். மூடியைச் சாத்தினார்.

"இது தீராது," என்றார். குரலில் என்ன ஒரு நிம்மதி.

முகம் கழுவினார். சட்டை மாற்றினார். கூடத்து மேசையில், தனக்கு எதிரே இன்னொரு நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

நாலு மணி.

டிக்.

கரண்டி உரசியது. ஒரு தடவை.

இன்னொரு தடவை.

மேசையில் இரண்டு கோப்பைகள். எதிர் நாற்காலியின் பிரம்பு மெல்ல, மெல்லத் தாழ்ந்தது. அதன் அடியிலிருந்து மண்கலந்த நீர் சொட்டத் தொடங்கியது.