அசையாதது மட்டும் விழும்

சித்திரை வெயிலிலும் புருஷன் அழகுபாண்டி வீட்டுக்குள்ளேயே முழுக்கைச் சட்டையோடு திரிந்தது கனகலட்சுமிக்கு முதலில் விநோதமாகத்தான் பட்டது. ஒருநாள் அவன் குளித்துவிட்டு வரும்போது மணிக்கட்டில் நான்கு விரல் பதிந்த மாதிரி கன்றிப்போயிருந்த தடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "வாட்சு வாரு அறுத்துருச்சு" என்றான். அவன் வாட்ச் கட்டி அவள் பார்த்ததேயில்லை.

அவன் அவள் கையைப் பிடித்ததும் இல்லை. மணவறையைச் சுற்றி வந்தபோது பிடித்ததோடு சரி.

விசேஷ வீடுகளுக்குப் படம் எடுக்கிறவன் அவன். சடங்கு வீடுகளில் பெண்களை எடுக்க ஒரு பொம்பளை ஆள் இருந்தால் தோது என்று, புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவை அவளுக்குப் பழக்கினான். இனி அவனோடு சோடியாகப் போகலாம், வரலாம் என்ற ஆசையில் அவளும் கருத்தாகப் படித்தாள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பொழுது சாயும் நேரத்தில் ஷட்டரை முப்பது விநாடி திறந்துவைத்து எடுத்த படத்தில், அத்தனை கூட்டமும் காணாமல் போய், நின்றிருந்த பஸ்ஸும் பெஞ்சில் தூங்கிய கிழவரும் மட்டும்தான் மிச்சம்.

"அசையிறது படத்துல விழாது, புள்ள. அசையாம இருக்குறது மட்டுந்தான் விழும்."

மறுநாள் அந்தியில் கரண்ட் போனது. அவர்கள் குடியிருந்த மாடி வீட்டில் ஒரு மெழுகுவத்தி. அவனே இரண்டு நாற்காலிகளை ஒட்டிப் போட்டான்.

"நம்ம ரெண்டு பேரையும் எடு. பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்டிக் கெடுத்துராத."

"நீங்க மொதல்ல கொட்டாவி விடாம இருங்க, மாமா."

முக்காலி ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, ஷட்டரை முப்பது விநாடிக்கு வைத்து, டைமரை அமுக்கிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தாள்.

"கண்ண மூடிக்க. சிமிட்டுனா கலங்கலா விழும்" என்றான். பிறகு, மெதுவாக, "கையக் குடு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். ஷட்டர் திறக்கும் சத்தமும் அந்தக் கை வந்து பற்றியதும் ஒன்றாக நடந்தன. பானைத் தண்ணிக்குள் விட்டு எடுத்தது போல அப்படி ஒரு குளிர்ச்சி; அவன் பூசும் பவுடர் வாசனை இல்லை, பிரிக்காமல் போட்ட வெற்றிலைக் கட்டு அழுகின நெடி; ஆனாலும் கை கைதானே என்று அவள் மனசு நிறைந்து, மூச்சைக்கூட அடக்கி உட்கார்ந்திருந்தாள். அதுவும் இம்மியும் அசையவில்லை. நாடிகூட.

ஷட்டர் மூடியது. விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. கண்ணைத் திறந்தபோது மெழுகுவத்தி அணைந்திருந்தது.

தடவிக்கொண்டே போய்த் திரையைப் பார்த்தாள். அவள் தெளிவாக விழுந்திருந்தாள். பக்கத்து நாற்காலி காலி.

"அசைஞ்சுட்டீகளா, மாமா?" என்று சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. அந்தக் கை அசையவே இல்லையே.

படத்தைப் பெரிதாக்கினாள். வெறுமையை நோக்கி நீண்டிருந்தது அவள் கை. அதன் மேல் நான்கு பள்ளங்கள். விரல்கள் இல்லை.

"மாமா?"

"இங்கன இருக்கேன், புள்ள."

கதவுக்கு வெளியே இருந்து.

தாழ்ப்பாள் விழுந்தது. வெளித் தாழ்ப்பாள்.

"தெறங்க மாமா! இங்க யாரோ..."

"மன்னிச்சுரு கனகு. மொதத் தடவ நாமளா நீட்டுனாத்தான் அது பிடிக்கும். ஒரு கை கெடச்சா இன்னொண்ண விட்ரும். நானும் எம்புட்டு நாளுதான் தாங்குறது?"

படியில் செருப்புச் சத்தம் இறங்கியது.

ஜன்னலுக்கு ஓடினாள். அதே நேரம் கரண்ட் வந்தது. தெருவிளக்கின் கீழே அழகுபாண்டி போய்க்கொண்டிருந்தான். சட்டையை முழங்கை வரை சுருட்டிவிட்டு. கைகளை வீசி வீசி. அவள் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

அறை முழுக்க டியூப்லைட் வெளிச்சம். இரண்டு நாற்காலிகள். யாருமில்லை.

அழுகின வெற்றிலை நெடி.

அவள் கை தானாக உயர்ந்தது. அதில் பள்ளங்கள் விழுந்தன. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

பிறகு, அது அவளை அவள் நாற்காலிக்கே மெல்லக் கூட்டிப்போனது.