சுவரைப் பார்த்த வாங்கு

டெனிஷாவைக் கூப்பிட வேண்டுமென்றால் லவினா பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். போய்த் தோளைத் தொடுவாள். பிறகு முன்னால் நின்று பேசுவாள். ஏன் அப்படி என்று அவள் யோசித்ததே இல்லை. சின்ன வகுப்பிலிருந்து அதுதான் பழக்கம்.

அந்தச் சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் இருந்த அவர்களுடைய பள்ளிக்கூடத்துக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் வந்திருந்தார்கள். காதைப் பற்றியும் பேச்சைப் பற்றியும் படிக்கிறவர்கள். இனி மாதத்துக்கு ஒருமுறை வந்து பிள்ளைகளின் காதைச் சோதிப்பார்கள், வீட்டுக்காரர்களோடும் பேசுவார்கள் என்று அதிபர் சொல்லியிருந்தார். மண்டபத்தின் ஒரு பக்கம் அம்மாமார் தேநீரோடு இருந்தார்கள். மறுபக்கம் சோதனை.

சோதனை இலகுவானது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதிரையில் இருக்க வேண்டும். வந்த மாணவர்களில் ஒருவரான மிதுனா அக்கா முதுகுக்குப் பின்னால் இருந்து கருவியின் பொத்தானை அழுத்துவார். 'பீப்' என்று கேட்டால் கையை உயர்த்த வேண்டும். அடுத்து வர இருந்தவர்கள் எதிரே ஒரு நீள மர வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் அக்காவின் விரலும் பொத்தானும் நன்றாகத் தெரிந்தன.

"இதுல பெயிலானா இந்த ஸ்கூல்ல வச்சிருக்க மாட்டாங்க," என்றான் வாங்கில் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்த பிறெடி. "தூரத்துல ஒரு ஹொஸ்டலுக்கு அனுப்பிருவாங்க."

தடுப்பூசியின் ஊசி கோடு போடும் அடிமட்டம் அளவு நீளம் என்று போன வருடம் சொன்னவனும் அவன்தான். என்றாலும் அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்த டெனிஷாவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் லவினாவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா அமத்துறப்ப நீ உன் பின்னலைத் தொடு. நான் பாத்துக்கிறன்."

லவினா தயங்கினாள். பிறகு தலையாட்டினாள்.

டெனிஷா கதிரையில் இருந்தாள். லவினா பின்னலைத் தொட்டபோதெல்லாம் அவளுடைய கை உயர்ந்தது. ஒருமுறை அரிப்புத் தாங்காமல் லவினா தலையைச் சொறிந்தாள். அதற்கும் டெனிஷாவின் கை பாதி உயர்ந்து இறங்கியது.

"வடிவாக் கேக்குது உங்களுக்கு," என்றார் மிதுனா அக்கா.

லவினா தன்னுடைய சோதனையையும் முடித்துக்கொண்டு தேநீர்ப் பக்கம் போனாள். டெனிஷா மேசையடியில் நின்று, எந்த மாலு பணிஸில் மீன் அதிகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா இமெல்டா பின்னால் இருந்தார். துறைமுகக் கன்டீன் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். மகளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்ற செய்தி அவருக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"அப்ப காதுல ஒரு குறையும் இல்ல," என்று அவர் மகளின் முதுகைப் பார்த்துச் சொன்னார். "நான் கூப்பிடக் கூப்பிட வேணும்னுதான் பேசாம இருந்திருக்கா. இனிமே திரும்பலன்னா அடிதான். கேட்டுச்சா, டெனிஷா?"

டெனிஷா திரும்பவில்லை. அடுத்த பணிஸைப் பார்த்தாள்.

"பாருங்க," என்றார் இமெல்டா, பக்கத்தில் இருந்தவரிடம். "இப்பவும் திரும்புறா இல்ல."

லவினா எடுத்த பணிஸைத் திரும்பத் தட்டில் வைத்தாள். சிநேகிதிக்கு உதவி செய்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அந்த உதவிக்கு இனி அடி வாங்கப்போவது டெனிஷா.

உண்மையைச் சொன்னால் டெனிஷாவை அனுப்பிவிடுவார்களோ? அதை முதலில் கேட்டுவிட வேண்டும். அவள் மிதுனா அக்காவிடம் போனாள்.

"அக்கா, பெயிலானா ஹொஸ்டலுக்கு அனுப்புவீங்களா?"

"ஆர் சொன்னது? ஒருத்தரையும் எங்கயும் அனுப்பமாட்டம்," என்றார் அவர். "இதில பாஸ், பெயில் எண்டு ஒண்டும் இல்லை. கேக்காட்டி, ஏன் கேக்கேல்லை எண்டு எங்கட கிளினிக்கில பாப்பம். அம்மாவும் கூட வரலாம். பிள்ளை இதே வகுப்பில முன்னுக்கு இருந்து படிக்கும்."

லவினா டெனிஷாவின் தோளைத் தொட்டு, முன்னால் நின்று, அக்கா சொன்னதையெல்லாம் சொன்னாள். அம்மா சொன்னதையும் சொன்னாள்.

டெனிஷா மெதுவாக அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா பேசினாங்களா?" என்று கேட்டாள்.

பிறகு லவினாவின் கையைப் பிடித்துக்கொண்டு சோதனை நடக்கும் பக்கம் நடந்தாள்.

லவினா வாங்கின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அதில் பிறெடி இன்னும் இருந்தான்.

"எழும்பு. சுவரைப் பாக்கிற மாதிரித் திருப்பணும்."

"சுவர்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதான்."

மிதுனா அக்கா வாங்கைப் பார்த்தார். தன்னுடைய பொத்தானைப் பார்த்தார். பிறகு டெனிஷாவைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"பிழை என்ர," என்றார். "வாங்கை அங்க போட்டது நான்தானே. வாங்கோ டெனிஷா, இன்னொருக்காப் பாப்பம்."

இப்போது டெனிஷாவுக்கு முன்னால் முதுகுகள் மட்டும்தான் இருந்தன. நடுவில் லவினாவின் பின்னல் அசையாமல் தொங்கியது. லவினாவுக்கு முன்னால் வெறும் சுவர். கை உயர்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவள் திரும்பவில்லை. பிறெடிகூடச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் மிதுனா அக்கா இமெல்டாவைக் கூப்பிட்டார்.

பல சத்தங்கள் டெனிஷாவுக்கு எட்டுவதில்லை என்று அவர் விளக்கினார். இவ்வளவு நாளும் அவள் முகங்களைப் பார்த்துத்தான் பேச்சை விளங்கிக்கொண்டிருக்கிறாள். புதன்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிவரச் சொன்னார். தானே வாசலில் நிற்பதாகவும் சொன்னார்.

இமெல்டா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நான் அடிச்சிருக்கன், மிஸ்," என்றார் தாழ்ந்த குரலில்.

மிதுனா அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

டெனிஷா அப்பால் ஹெட்போனின் வயரைக் கவனமாகச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். இமெல்டா அவளைக் கூப்பிட வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். கதிரையைச் சுற்றிப் போய், மகளின் முன்னால் குனிந்து நின்றார்.

"வீட்டுக்குப் போவமா, மகள்?"

"ஓம் அம்மா," என்றாள் டெனிஷா, கேட்ட உடனே.