நாலாவது வரி

குருவம்மாள் வாயைத் திறந்தாள். தப்பான பேச்சு வெளியே வந்தது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு சாந்தம்மாள் அவளோடு பேசவே இல்லை.

இருவரும் இருந்தது தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. லயம் என்றால் ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஆறாம் வகுப்பிலும் இருவருக்கும் ஒரே பெஞ்சுதான்.

சாந்தம்மாளின் அப்பா பெரியமுத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தோட்டத்து வழக்கப்படி, வேலை முடிந்தால் வீட்டையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவருடைய பெரிய பிள்ளைகள் யாரும் தோட்டத்தில் வேலைக்குச் சேரவில்லை. ஆகவே சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்கே போவது என்று முடிவாயிற்று. கடைக்குட்டி சாந்தம்மாள் இதைக் குழாயடியில் வைத்துக் குருவம்மாளிடம் சொன்னாள்.

ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று குருவம்மாள் தவித்தாள். கடைசியில் அவள் கேட்டது இதுதான்:

"அப்போ ஒங்க வீட்டு மரத்தக்காளி யாருக்குட்டி?"

சாந்தம்மாள் வீட்டு வாசலில் ஒரு மரத்தக்காளி நின்றது. முட்டை வடிவத்தில் சிவப்புச் சிவப்பாகப் பழுக்கும். நல்ல புளிப்பு. இருவருக்கும் உயிர். ஆனாலும் அதைக் கேட்கிற நேரமா அது? சாந்தம்மாள் நிறையாத குடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் குருவம்மாள் எப்போது போனாலும் அந்த வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. பள்ளிக்கூடத்தில் டி.சி.யும் வாங்கியாகிவிட்டது. பெஞ்சில் பாதி காலி. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள்.

'பேசாமல் போக விடமாட்டேன். பேச வைத்தே தீருவேன்' என்று குருவம்மாள் முடிவு செய்தாள். அவள் முடிவு செய்துவிட்டால் அட்டைப் பூச்சி மாதிரி. உப்புப் போட்டாலும் விடமாட்டாள்.

அவள் கையில் அப்போது ஒரு கதைப் புத்தகம் இருந்தது. நீல அட்டை. பள்ளிக்கூடத்துப் புத்தகப் பெட்டியிலிருந்து எடுத்தது.

அந்தப் பெட்டியின் சாவி சகாயம் சாரிடம் இருந்தது. யார் வேண்டுமானாலும் புத்தகம் எடுக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் எழுந்து நின்று, படித்ததைப் பற்றித் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த புத்தகம்.

கருத்துச் சொல்வதில் மிக்கேலை மிஞ்ச ஆள் கிடையாது. அதே லயத்தின் கடைசி வீட்டுப் பையன். "இக்கதை மிகவும் அருமை. இதிலிருந்து நாம் அறிவது, பொய் சொல்லக் கூடாது" என்று எந்தப் புத்தகத்துக்கும் சொல்லிவிடுவான். நரிக்கதைக்கும் அதைத்தான் சொன்னான். நிலாவுக்குப் போன கதைக்கும் அதைத்தான் சொன்னான். சார் தலையை ஆட்டி அடுத்த புத்தகத்தைக் கொடுப்பார். மற்ற பிள்ளைகளும் அதைப் பார்த்துப் படித்துக்கொண்டார்கள்.

நீல அட்டைப் புத்தகத்தில் கமலி, ரேவதி என்று இரண்டு தோழிகள். ரேவதியின் அப்பா ரயில்வேக்காரர். அவருக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. அந்த இடத்துக்கு வந்ததும் குருவம்மாள் புத்தகத்தை மூடிவிட்டாள். சுவரைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது.

லயத்து வீடுகளுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே பெரிய இடைவெளி இருக்கும். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். ரகசியம் பேச வேண்டுமானால் தேயிலைக் காட்டுக்குத்தான் போக வேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் குருவம்மாள் சுவரோரமாக உட்கார்ந்து, புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, காது செவிடாகிவிடும் போலிருக்கிறது என்றாள். குருவம்மாள் இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தினாள்.

அந்தப் பக்கம் பாத்திரங்களைச் சாக்கில் கட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் அது நின்றுவிட்டது. குருவம்மாளுக்கு உற்சாகம் வந்தது. ஆனால் ஒரு வார்த்தையும் வரவில்லை.

மறுநாள், கமலியும் ரேவதியும் ஒரே குடையில் மழையில் நடந்து, இருவரும் நனைந்து, குடையின் மேல் பழியைப் போடுகிற இடம் வந்தது. குருவம்மாளுக்கு ரொம்பப் பிடித்த இடம். அதற்கு அடுத்த பக்கத்தில் ரேவதியைக் காணவில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. குருவம்மாள் அங்கேயே வேண்டுமென்று நிறுத்தினாள். காத்திருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. சாந்தம்மாள் இல்லை. பெரியமுத்து.

"அப்புறம் என்னாச்சு தாயி?"

அதற்கும் அடுத்த வீட்டிலிருந்து செபமாலையம்மாள், பாதியில் நிறுத்தினால் சோறு எப்படி இறங்கும் என்று கேட்டாள். லயம் முழுவதும் கதை கேட்டுக்கொண்டிருக்கிறது, கேட்க வேண்டியவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. குருவம்மாளுக்கு அழுகையாக வந்தது. இருந்தாலும் புதன்கிழமையும் உட்கார்ந்து வாசித்தாள். தொண்டை கட்டிவிட்டது. அம்மா திட்டிக்கொண்டே சுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

வியாழக்கிழமை கடைசி அத்தியாயம். ரயில் நிற்கிறது. ரேவதி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். கமலி முகம் மலரச் சிரித்துக் கையை அசைக்கிறாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் துள்ளி விளையாடுகிறாள். கடைசியில் ஒரு பாட்டு வேறு:

கையை அசைத்துச் சிரித்திடுவோம்
கண்ணீர் எதற்குத் தோழியே!
நெய்யும் சோறும் போலே நாம்
நினைவில் என்றும் வாழியே!

குருவம்மாள் புத்தகத்தை மூடினாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு வார்த்தை கேட்டது.

"பொய்."

குருவம்மாள் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு கேட்டாள்: "எது பொய்?"

"சிரிச்சாளாம். எவளாவது சிரிப்பாளா? ஊருக்குப் போறவகிட்டப் போயி நெய்யும் சோறும்னு பாடுதா."

"எனக்கும் அதான் தோணுச்சு."

"ஒனக்கா?" என்றாள் சாந்தம்மாள். "நீயா இருந்தா மரத்தக்காளிய எண்ணிப் பாத்திருப்ப."

குருவம்மாளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் சுவரைவிட்டு நகரவில்லை.

"எனக்கு என்ன சொல்லுறதுன்னு தெரியலட்டி. வாயில அதான் வந்துச்சு. அன்னையிலயிருந்து நா ஒழுங்காச் சாப்பிடல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு சாந்தம்மாள், அந்தப் பாட்டை மாற்ற வேண்டும் என்றாள். முதல் வரியை அவளே சொன்னாள்: "கைய அசைக்க வரலையே." குருவம்மாள் யோசித்து, "கண்ணு மறைக்குது தெரியலையே" என்றாள். மூன்றாவது வரியும் சாந்தம்மாளிடமிருந்துதான் வந்தது: "பொய்யாச் சிரிக்க முடியலையே."

நாலாவது வரி வரவில்லை. இருவரும் எவ்வளவோ முயன்றும் வரவில்லை.

"நாளைக்கு சார்கிட்ட என்ன சொல்லப் போற?" என்று கேட்டாள் சாந்தம்மாள்.

"கடைசி அத்தியாயம் பொய்யின்னு சொல்லுவேன்."

"சொல்ல மாட்ட. நீயும் மிக்கேல் மாதிரி அருமைன்னு சொல்லிட்டு உக்காந்துருவ. சொன்னியானா, பஸ் கெளம்பயில ஒன்னத் திரும்பிப் பாப்பேன். இல்லன்னா பாக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு வந்தது. மிக்கேல் வழக்கம்போல அருமை சொல்லி, பொய் சொல்லக் கூடாது என்று முடித்து உட்கார்ந்தான். அடுத்தது குருவம்மாள். எழுந்து நின்றாள். பெஞ்சின் காலியான பாதியைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"சார், இந்தக் கதையில குடை வர்ற இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஆனா கடைசி அத்தியாயம் பொய் சார்."

சகாயம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். அச்சில் வந்த புத்தகத்தைப் பொய் என்று சொல்லலாமா, இருக்கிற நல்லதைச் சொல்லிவிட்டு உட்கார் என்றார்.

"நல்லதச் சொல்லிட்டேன் சார். இதையும் சொல்லணும்."

"அப்படிச் சொன்னால் அடுத்த புத்தகம் கிடையாது, குருவம்மா."

குருவம்மாள் பெட்டியைப் பார்த்தாள். மேலாக ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அட்டையில் ஒரு கப்பல். ஒரு மாதமாக அவள் கண் வைத்திருந்த புத்தகம்.

"பரவாயில்ல சார்" என்றாள். "கூட இருந்த பிள்ள ஊரவிட்டுப் போனா யாருக்கும் சிரிப்பு வராது சார். கை அசைக்கவும் வராது. என்னத்தையாவது தப்பாப் பேசிருவோம். அதுக்குத்தான் நாங்க பாட்ட மாத்துனோம்."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"கைய அசைக்க வரலையே,
கண்ணு மறைக்குது தெரியலையே,
பொய்யாச் சிரிக்க முடியலையே..."

அதற்கு மேல் வரி இல்லை. வகுப்பு முழுவதும் அவளையே பார்த்தது. அவளுக்குக் குழாயடி நினைவுக்கு வந்தது. அங்கே எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"போகாதேன்னு சொல்லலையே."

சொல்லிவிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

மிக்கேல் மெதுவாக எழுந்தான். "சார், கதையில வர்ற அந்தப் பிள்ளை நெசமாவே சிரிச்சாளா? நீங்க படிச்சிருப்பீங்கல்ல?"

சார் புத்தகத்தை அப்படியும் இப்படியும் புரட்டினார். "பாதி வரை படித்தேன். அப்புறம் அரையாண்டுப் பரீட்சை வந்துவிட்டது" என்றார்.

பின்பெஞ்சில் தொடங்கிய சிரிப்பு முன்பெஞ்சு வரை வந்தது. சாருக்கும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. புத்தகத்தைத் தானே வீட்டுக்கு எடுத்துப் போவதாகச் சொல்லி, பெட்டியைப் பூட்டினார். கப்பல் புத்தகம் உள்ளேயே இருந்துவிட்டது.

குருவம்மாள் வெறுங்கையோடு வீடு திரும்பினாள். அவளுக்கு முன்னால் மிக்கேல் ஓடிவிட்டிருந்தான். எந்தக் கதையையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன், நாலாவது வரியை மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் சாந்தம்மாளிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தான்.

அன்று சாந்தம்மாள் சுவர் வழியாகப் பேசவில்லை. வாசல் வழியாக வந்தாள்.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?"

"அன்னைக்கு மரத்தக்காளிதான் வந்துச்சு" என்றாள் குருவம்மாள்.

இருவரும் சிரித்தார்கள். இது நிஜச் சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே இருவருக்கும் கண்ணீர் வந்தது. மிச்சமிருந்த சனிக்கிழமை முழுவதும் அவர்கள் பிரியவே இல்லை. சாமான் கட்டுகிற வேலையும் அன்று சரியாக நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனி மூடியிருந்தது. சாக்கு மூட்டைகளை எல்லாம் பஸ்ஸின் மேலே ஏற்றினார்கள். லயமே அங்கே நின்றது. தேவிகுளம் போவதற்காக சகாயம் சாரும் வந்திருந்தார். அவர் அக்குளில் நீல அட்டைப் புத்தகம்.

சார் குருவம்மாளின் பக்கத்தில் வந்து, கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டதாகச் சொன்னார். "இதை எழுதியவர் யாரையும் வழியனுப்ப ரயிலடிக்குப் போனதில்லை போலிருக்கிறது. நாளைக்கு வந்து கப்பல் புத்தகத்தை வாங்கிக்கொள்."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். சார் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு நிமிஷம் நிற்கட்டும் என்றார்.

குருவம்மாள் ஜன்னலுக்கு அடியில் ஓடினாள். சிரிக்கவில்லை. கையையும் அசைக்கவில்லை. சொன்னால் எதுவும் மாறப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாள்.

"போகாதட்டி."

பஸ் கிளம்பியது. வளைவுக்கு முன்னால் சாந்தம்மாள் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தாள். அழுத முகத்தோடு கத்தினாள்:

"மரத்தக்காளி ஒனக்குத்தான்!"

அன்று சாயங்காலம் குருவம்மாள் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வந்து அந்த மரத்தக்காளிக்கு ஊற்றினாள். அழுதுகொண்டேதான் ஊற்றினாள். ஆனால் ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை.