யாரும் பேசாத பதிவு

சனிக்கிழமை மதியம் கணினித் துறைக் கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. பேராசிரியை அடித்தளத்து ஒலிப்பதிவு அறைக்குள் நுழைந்ததும் கனத்த கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அரை மணி நேர வேலைதான். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் அவளுடைய மென்பொருளைத் திங்கட்கிழமை நிபுணர் குழு சோதிக்கப்போகிறது.

சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது. போன வருடம் அவளுடைய ஆய்வு மாணவி இங்கேதான் மூச்சுத்திணறி இறந்தாள். கதவு சிக்கிக்கொண்டது என்று அந்தப் பெண் இன்டர்காமில் கூப்பிட்டாள். "வேலைய முடிக்காம சாக்கு சொல்லாத" என்று வைத்துவிட்டாள் பேராசிரியை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கணவனிடம்கூட. பிறகு இன்டர்காமையும் கழற்றிவிட்டார்கள்.

மைக்கைப் போட்டாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு."

திரையில் அப்படியே எழுத்து விழுந்தது. பரவாயில்லை, தேறிவிடும். வாயை மூடிக்கொண்டாள்.

எழுத்து நிற்கவில்லை.

"மேடம், கதவு திறக்கல."

மைக் வயரைப் பிடுங்கினாள்.

"சாக்கு இல்ல மேடம். நிஜமாவே திறக்கல."

ஓடிப்போய்க் கைப்பிடியைத் திருகினாள். அசையவில்லை. கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். பஞ்சு அந்தச் சத்தத்தையும் விழுங்கியது. காற்று கனத்தது. யாரோ விட்ட மூச்சையே திரும்ப இழுப்பதுபோல் வெதுவெதுப்பு.

இழுத்த மூச்சு பாதியில் நின்றது.

"மன்னிச்சிடும்மா," என்று கதவோடு சரிந்தாள். "நீ சொன்னத நான் நம்பல. தப்பு என்னோடதுதான்."

திரையில் மறுபடி எழுத்து விழுந்தது.

"வீட்டுக்குப் போகணும் மேடம்."

"போகலாம்மா. கண்டிப்பா போகலாம்."

வாய் தவறி என்ன வாக்குக் கொடுத்தோம் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

தாழ்ப்பாள் தானாக விலகியது.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. மேஜையில் நான்கு தட்டுகள். வீட்டில் இருப்பதோ மூன்று பேர்.

"கூட வர்ற பொண்ணு எங்க?" என்றார் கணவர்.

"எந்தப் பொண்ணு?"

"நல்லா இருக்கே! மூணு மணிக்கு நீதானே போன் பண்ணி, நாலு பேருக்குச் சமைங்கன்னு சொன்ன?"

மூன்று மணிக்கு அவள் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வாசற்கதவைச் சாத்தப்போனாள்.

"சாத்தாதீங்கம்மா," என்றாள் மகள், அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தபடி. "அவங்களுக்குப் பயமா இருக்காம்."