இரண்டாக அறுத்த துக்கப் பலகை

மத்தியான வெயிலில் தோர்ன்மியர் மாளிகை வாசலில் வண்டியை நிறுத்திய எனோக் பிரிம்லி அண்ணாந்து பார்த்தான். ஆறு வாரத்துக்கு முன் அவன் எழுதிக் கொடுத்த துக்கப் பலகை கதவுக்கு மேலே தொங்கியது.

பிரபு வீட்டில் சாவு விழுந்தால் ஓராண்டு வாசலில் தொங்கிவிட்டு, பிறகு தேவாலயத்துக்குப் போகும் பலகை அது. சாய்சதுர வடிவம், நடுவில் குடும்பச் சின்னம். சின்னத்தைச் சுற்றியுள்ள நிறத்தைப் பார்த்தாலே செத்தது யார் என்று தெரிந்துவிடும். இடப்பாதி கணவனுக்கு, வலப்பாதி மனைவிக்கு. போனவர் பக்கம் கறுப்பு, இருப்பவர் பக்கம் வெள்ளை. இருவரும் போய்விட்டால் முழுக்கக் கறுப்பு.

இரண்டு மன்னர்களிடம் மந்திரியாக இருந்த தோர்ன்மியர் பிரபுவின் பாதியை மட்டும்தான் பிரிம்லி கறுப்படித்திருந்தான். இப்போது கறுப்பு நடுக்கோட்டைத் தாண்டி, வெள்ளையில் நான்கு விரற்கடை ஏறியிருந்தது.

"உன் சாயம் ஒழுகுது, பிரிம்லி." வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் பிரபுவின் விதவை, லேடி தியோடோசியா.

"ஒழுகினா கீழதான் போகும், அம்மணி. பக்கவாட்டுல நடக்காது."

ஏணி வைத்துப் பலகையை இறக்கினான். விளக்குக்கரியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்த சாயம். கல் மாதிரி காய்ந்திருந்தது. முன்னேறிய விளிம்பு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. யாரோ பொறுமையாகத் தீட்டியது போல.

"அது ஒரு விரல் நகர்ந்தா என் மூச்சு அந்த அளவு குறையுது," என்றாள். "போன மாசம் மாடி ஏறினேன். இப்ப இந்தப் படியே ஏற முடியலை."

"கொஞ்ச நாள் வேற ஊர்ல இருக்கலாமே?"

"நான் எதுக்குப் போகணும்? அவர் பார்லிமெண்டுல ஒரு ஓட்டெடுப்புலயும் தோக்காத மனுஷன். அந்தத் திமிரு. சாகறப்ப கையைப் பிடிச்சு, 'சீக்கிரம் வந்துடு, தியோ'ன்னார். கேக்கலை, உத்தரவு போட்டார். அறுபத்தோரு வயசுல இப்பதான் எனக்குப் பசிக்கிற நேரத்துக்குச் சாப்பிடறேன். வரமாட்டேன்."

பிரிம்லி ஈய வெள்ளையைக் குழைத்துக் கறுப்பின் மேல் பூசினான்.

மூக்குப்பொடி வாசனை வந்தது.

அந்த வீட்டில் பொடி போட்டவர் பிரபு ஒருவர்தான்.

பூசிய வெள்ளைக்கு அடியிலிருந்து கறுப்பு மெல்ல மேலே வந்தது. அவன் மறுபடி பூசினான். மறுபடி வந்தது. இம்முறை அவன் கண்ணெதிரே, ஒரு விரல் முன்னே.

லேடி தியோடோசியா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மணி, என்னால முடியாது."

"வண்டியில ரம்பம் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"ரெண்டு பேரும் ஒரே பலகையில இருக்கறதாலதானே கோட்டைத் தாண்டி வர்றார்? அறு."

"குடும்பச் சின்னத்தை யாரும் அறுக்கமாட்டாங்க, அம்மணி. என் பிழைப்பு போயிடும்."

"பாதி சின்னம் என் அப்பா வீட்டோடது. என் பாதியை நான் எடுத்துக்கறேன். கோட்டைப் பார்த்து அறு. அந்தப் பக்கம் நான் பிடிக்கறேன்."

எழுந்து வந்து பிடித்தாள். பிடி தளரவில்லை.

ரம்பம் பாதி தூரம் இறங்கியபோது மரத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

சபையில் பேச எழுமுன் ஒருவர் தொண்டையைச் செருமுவது போல.

பிரிம்லியின் கை நின்றது.

"அவர் பேசி முடிக்கற வரைக்கும் நாற்பது வருஷம் காத்திருந்தேன்," என்று கிசுகிசுத்தாள். "நீ அறு."

பலகை இரண்டாகப் பிளந்தது. அவள் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு யார் தோளையும் பிடிக்காமல் வாசற்படி ஏறினாள்.

பிரபுவின் பாதியைத் தேவாலயத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, அவள் பாதியில் ஏறியிருந்த கறுப்பைச் சுரண்டி வெள்ளையடித்தான் பிரிம்லி. இம்முறை வெள்ளை நின்றது. மாட்டுவதற்காக ஏணியில் ஏறியவன் அப்படியே நின்றுவிட்டான்.

அறுத்த விளிம்பில் நான்கு கறுப்பு விரல் தடங்கள். மறுபக்கத்திலிருந்து எட்டிப் பிடித்த மாதிரி.

தொட்டான். ஈரம்.

"அம்மணி..."

அவள் கீழிருந்தே பார்த்துவிட்டாள்.

"மாட்டு, பிரிம்லி. எவ்வளவு நாள் தொங்கறார்னு நானும் பார்க்கறேன்."

அவன் ஆணியில் மாட்டிக் கையை எடுத்தான். நான்கு விரல்களுக்குக் கீழே, வெள்ளையில், ஒரு கறுப்புக் கட்டைவிரல் தடம் மெதுவாகப் பதிந்தது.